ஸ்ட்ரெயிட் பூல் லீக்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

க்யூ கம்பால் வெள்ளைப் பந்தை அடித்து மற்ற பந்துகளைப் பாக்கெட்டில் போட்டுப் புள்ளி சேர்க்கும் ஆட்டம் ஸ்ட்ரெயிட் பூல். இந்த லீக்கைச் செப்டம்பரில் 11 பேரோடு தொடங்கினோம், மே மாதம் 16 பேரோடு சீசனை முடித்தோம். கணக்கு வழக்குகளைப் பொருளாளர் தனியாக அனுப்பியிருக்கிறார், மேசை வாடகை போகக் கையில் கொஞ்சம் மீதி இருக்கிறது, அவ்வளவுதான். நான் எழுத வேண்டியது வேறு. டிசம்பரில் இந்த லீக் நின்றே போய்விடும் என்று பயந்தேன். அது எப்படி நிமிர்ந்தது என்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தப்பு நம்முடையதுதான். பந்துக்கு ஒரு புள்ளி, முதலில் 100 எடுப்பவருக்கு ஜெயம் என்று எல்லோருக்கும் ஒரே இலக்கு வைத்திருந்தோம். ஒரு முறைக்கு மூன்று நான்கு பந்து போடுகிற இரண்டு பேர் 100க்கு ஆடினால் மூன்று மணி நேரம் ஆகிவிடும்; வேலை முடிந்து, ஹைவேயில் டிராஃபிக்கில் நின்று, ஏழரைக்கு நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வந்து சேருகிறவர் பத்தரை வரைக்கும் ஆடிவிட்டு மறுநாள் காலையில் எப்படி எழுந்து போவார்? "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்ற மெசேஜ்கள் வர ஆரம்பித்தன, கிறிஸ்துமஸ் வந்தபோது 9 ஆட்டங்கள் பாக்கி. போதாக்குறைக்கு நாம் ஆடிக்கொண்டிருந்த ஹால்காரர்கள் ஒருவார்த்தை சொல்லாமல் ஒன்பதடி மேசைகளில் இரண்டை எடுத்துவிட்டு ஏழடி மேசைகளைப் போட்டுவிட்டார்கள். அமெரிக்க பூல் சாம்பியன் வில்லி மாஸ்கோனி 1954ல் ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடர்ந்து 526 பந்து போட்டதே எட்டடி மேசையில்தானே, நாம் ஏன் ஒன்பதடிக்கு அடம்பிடிக்கிறோம் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஏழடியில் 15 பந்தும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும், வெள்ளைப் பந்து நகர இடமே இருக்காது. அதனால் ஹாலை மாற்றினோம். மணிக்கு இரண்டு டாலர் கூடுதல்தான், அந்த முடிவில் எனக்கு வருத்தமே இல்லை.

ஜனவரிக் கூட்டத்தில் இலக்கை மூன்றாகப் பிரித்தோம்: பழைய கைகளுக்கு 100, நடுவில் இருப்பவர்களுக்கு 75, புதியவர்களுக்கு 50. அதற்கப்புறம் பெரும்பாலான ஆட்டங்கள் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்தன, பாக்கி இருந்த ஒன்பதும் மார்ச்சுக்குள் தீர்ந்துவிட்டது. 50க்கு ஆடுபவர் 100க்கு ஆடுபவரை ஜெயித்தால் அது முழு ஜெயம்தான், அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

சேர யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டுப் பந்து ஆட்டம் மட்டும் ஆடியவர்கள் இதைப் பார்த்துத் தயங்குகிறார்கள், தயங்கத் தேவையில்லை. எந்தப் பந்தையும் எந்தப் பாக்கெட்டிலும் போடலாம், எது எங்கே என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், பந்துக்கு ஒரு புள்ளி. வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுந்தால் அது ஃபவுல், ஒரு புள்ளி கழியும். கேரமில் ஸ்ட்ரைக்கர் விழுந்தால் ஒரு காயைத் திருப்பி வைப்போமே, அந்த மாதிரி. 14 பந்து போனதும் கடைசிப் பந்து கிடக்கிற இடத்திலேயே கிடக்கும். முக்கோணத்தின் உச்சியை மட்டும் காலியாக விட்டு மற்ற 14ஐயும் அடுக்குவோம். அந்த ஒற்றைப் பந்தைப் போடுகிற அதே அடியில் வெள்ளைப் பந்து போய் அடுக்கை உடைக்க வேண்டும். இந்த ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் சேர்ந்த ஒரு தம்பி 14வது பந்தையும் போட்டுவிட்டு நிமிர்ந்தார். மிச்சப் பந்து அடுக்குக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளிக் கிடந்தது, வெள்ளைப் பந்து அதற்குக் கொஞ்சம் மேலே. க்யூ முனையில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டே மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், "மூலை" என்று சொல்லிவிட்டு அடித்தார். பந்து உள்ளே போன சத்தத்துக்குப் பின்னாலேயே அடுக்கு சிதறிய சத்தம். பக்கத்து மேசையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் க்யூவைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து நின்றார்கள். தவறவிடாமல் தொடர்ந்து 23 பந்து வரை போனார். ஒரு அடுக்கைத் தாண்டியது அவருக்கு அதுதான் முதல் தடவை. இப்படித் தொடர்ந்து போடுவதுதான் ரன்; இந்த வருடத்தின் பெரிய ரன் 41, ஆனால் எனக்கு நினைவில் நிற்பது இந்த 23தான்.

ஸ்கோர் தகராறு இரண்டு முறை வந்தது. மறுபடி அடுக்கும்போதெல்லாம் இரண்டு பேருடைய புள்ளிகளையும் ஃபவுலுக்குக் கழித்ததையும் கூட்டிப் பாருங்கள், அது 14ன் மடங்காக வர வேண்டும். ஒருவர் 47, மற்றவர் 35, ஃபவுல் 2 என்றால் மொத்தம் 84. ஆறு அடுக்கு முடிந்திருக்கிறது, கணக்கு சரி. வரவில்லை என்றால் அங்கேயே பேசித் தீர்த்துவிடுங்கள், ஆட்டம் முடிந்தபிறகு எனக்குப் ஃபோன் செய்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, பந்துகளை அடுக்கும் முக்கோணத்துக்கு மேசையில் வெளிக்கோடு பென்சிலால் மெல்லியதாகப் போட்டால் போதும். போன மாதம் யாரோ பேனாவால் போட்டுவிட்டார்கள், ஹால்காரரிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

அடுத்த சீசன் செப்டம்பர் முதல் வியாழன், இரவு ஏழரை மணிக்கு. பெயரையும் சந்தாவையும் ஆகஸ்ட் 20க்குள் பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள். தள்ளிப்போடும் ஆட்டத்தை இரண்டு வாரத்துக்குள் ஆடி முடிக்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவில் வைக்கிறேன், வந்து வாக்களியுங்கள்.

செயலாளர்