நான்கடித் தொட்டியில் மூன்று வேட்டை மீன்களா?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடல்மீன் மீது உனக்கு வந்திருக்கும் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் புள்ளிக் களவா, கோமாளிக் கிளாத்தி, சிங்கமீன் மூன்றையும் நான்கடித் தொட்டியில் ஒன்றாக விடப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதைக் கைவிடச் சொல்லத்தான் உடனே எழுதுகிறேன்.

கடையில் நீ பார்த்த களவா விரல் நீளம்தான் இருந்திருக்கும். வெள்ளை உடலில் கறுப்புப் பொட்டுகளோடு தலைகுனிந்து நீந்தும் அந்தக் குஞ்சைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். வளர்ந்தால் அது 70 செ.மீ. வரை போகும். உன் தொட்டியின் அகலமோ ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. அதற்குள் அந்த மீன் எப்படித் திரும்பும்? கிளாத்தி 50 செ.மீ., சிங்கமீன் 38 செ.மீ. வரை வளரக்கூடியவை. ‘வளர்ந்த பிறகு பெரிய தொட்டி வாங்கிக்கொள்ளலாம்’ என்று சொல்பவர்களை நம்பாதே. முதலில் தொட்டி, பிறகுதான் மீன்.

மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடு. என்னைக் கேட்டால் கிளாத்தி என்பேன், அதுவும் தனியாக. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம் இருந்தால் ஏறக்குறைய 850 லிட்டர் கொள்ளும். கல், கண்ணாடி, தாங்கி எல்லாம் சேர்ந்தால் எடை ஒரு டன்னைத் தாண்டிவிடும் என்பதால், தரை தாங்குமா என்று பொறியாளர் ஒருவரிடம் முன்பே கேட்டுவிடு.

தனி மீன் என்றால் சலிப்பாக இருக்குமோ என்று நினைக்காதே. கிளாத்தியைப் போல மனிதனைக் கவனிக்கும் மீன் குறைவு. இரண்டு கண்களையும் தனித்தனியே உருட்டி, நீ அறைக்குள் நடக்கும் திசையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். வாயால் நீரைப் பீய்ச்சி மணலை ஊதித் தள்ளும்; கற்களைக் கவ்வி இடம் மாற்றும். இரவில் பாறை இடுக்கில் நுழைந்து முதுகின் முதல் முள்ளை நிமிர்த்திக்கொள்ளும். இரண்டாவது முள் அதற்குத் தாழ்ப்பாள் போட்டுவிடும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் வெளியே வராது. இதனால்தான் அதை வலையால் பிடிக்கக் கூடாது என்கிறேன்: முள் வலையில் சிக்கி மீன் காயப்படும். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் நீரோடு சேர்த்து அள்ளு.

உடலெங்கும் முட்கள் கொண்ட கடல் முள்ளெலிகளையும் நண்டுகளையும் உடைத்துத் தின்னும் பற்கள் கிளாத்திக்கு. ஹீட்டரையும் ஒயரையும் கடிக்கும். உன் விரலையும் விடாது. ஹீட்டரைத் தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டியில் வை. பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் ஓட்டோடு இறால், சிப்பி போன்றவற்றைக் கொடுத்தால்தான் அவை தேயும். உணவை நீண்ட இடுக்கியில் நீட்டு.

இப்படித் தின்னும் மீன் நீரையும் அதே வேகத்தில் கெடுக்கும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக ஐந்தாறு வாரங்கள் ஆகலாம். நீரைச் சோதித்தால் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டும் வரை மீனைக் கொண்டுவராதே. நுரை மூலம் கழிவை வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரை உன் தொட்டிக்குத் தேவையானதைவிட ஒரு படி பெரிதாகவே வாங்கு. இதில் சிக்கனம் பார்ப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

ஒருவேளை உன் மனம் சிங்கமீனில்தான் நிற்கிறது என்றால் அதை மட்டும் வளர்த்துக்கொள். கிளாத்தியோடு விட்டால் அந்த அழகான துடுப்புகள் கந்தலாகிவிடும். அதன் முதுகில் நச்சுள்ள 13 முட்கள் உண்டு. குத்திவிட்டால் தோல் வேகாத அளவு சூடான நீரில் கையை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். உயிருள்ள தங்கமீன்களை அதற்குத் தீனியாகப் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தங்கமீனில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி தயாமின் வைட்டமினை அழித்துவிடும்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எந்த நிலையிலும் மீனைக் கடலில் கொண்டுபோய் விடாதே. இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்த சிங்கமீன் 1985-ல் ஃபுளோரிடா கடலில் காணப்பட்டது. வளர்ப்பவர்கள் விட்டதால் வந்ததாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. இன்று கரீபியன் பவளப்பாறைகளில் அது சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. வைத்துக்கொள்ள முடியாமல் போனால் எனக்கு எழுது. பெரிய தொட்டி வைத்திருப்பவர் ஒருவரைச் சேர்ந்தே தேடுவோம்.

இந்த வாரம் கடைப்பக்கம் போகாதே. தொட்டி வைக்கப்போகும் சுவரின் நீளம் எவ்வளவு, அந்த அறை எந்த மாடியில் இருக்கிறது, தொட்டிக்குக் கீழே எவ்வளவு உயரம் கிடைக்கும் என்று அளந்து எழுது. அதைப் பார்த்துவிட்டு வடிகட்டித் தொட்டியை எப்படி அமைப்பது என்று வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் அக்கா