அந்த ஆள் என்ன வேலை செய்கிறார்? சிறுகதைப் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சிறுகதைப் போட்டி நடத்தும் இதழ்களின் ஆசிரியர்களுக்கும், பரிசுக் கதைகளைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

போட்டிக்கு வரும் கதைகளை முதலில் படித்துப் பிரித்துக் கொடுக்கும் வேலையை ஒன்பது ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். உங்கள் மேசைக்கு வரும் இருபது கதைகளுக்குப் பின்னால், என்னைப் போன்றவர்கள் படித்து ஒதுக்கிவைத்த முந்நூறு கதைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், எழுத ஆசைப்படும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை பேசுகிறேன். இந்த இரண்டு இடங்களிலும் கண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த முந்நூறு கதைகளில் வருகிறவர்களை எண்ணினால் பத்துப் பன்னிரண்டு பேர்தான் தேறுவார்கள். முதியோர் இல்ல வாசலில் மகனின் காரை எதிர்பார்த்து நிற்கும் அப்பா. தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தலை நரைத்துப்போன அக்கா. குடித்துவிட்டு வரும் கணவனுக்குச் சோற்றை மூடிவைத்துக் காத்திருக்கும் மனைவி. எல்லோருக்கும் நல்லது செய்துவிட்டுக் கடைசிப் பத்தியில் இறந்துபோகும் திருநங்கை. துப்பறியும் கதை என்றால் எல்லாம் அறிந்த ஒருவர், அவரிடம் கேள்வி கேட்பதற்கென்றே ஓர் உதவியாளர். அறிவியல் கதை என்றால் உறக்கமில்லாத விஞ்ஞானி. பேய்க்கதை என்றால் வெள்ளைப் புடவை. சரித்திரக் கதை என்றால் மாறுவேடத்தில் ஓர் இளவரசன்.

இவர்கள் பொய்யான மனிதர்கள் என்று நான் சொல்லவில்லை. முதியோர் இல்லத்தில் அப்படி ஓர் அப்பாவை நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் கதைகளில் வரும் அப்பா முன்பு என்ன வேலை பார்த்தார் என்பது எந்தக் கதையிலும் இல்லை. "ஓய்வுபெற்றவர்" என்ற ஒரு சொல்லோடு அவருடைய நாற்பது ஆண்டுகள் முடிந்துவிடுகின்றன. தபால்காரராக இருந்தவரும் பஸ் ஓட்டுநராக இருந்தவரும் ஒரே மாதிரியா காத்திருப்பார்கள்? ஓட்டுநர், தெருமுனையில் திரும்பும் வண்டியின் சத்தத்தைக் கேட்டே அது மகனுடைய கார் இல்லை என்று தெரிந்துகொள்வார். தபால்காரருக்கோ, வராத கடிதத்துக்காகத் தம்மிடம் எத்தனை பேர் கோபித்துக்கொண்டார்கள் என்பது நினைவுக்கு வரும். வேலை தெரிந்த கணத்தில் அப்பா என்ற வகை கலைந்து ஓர் ஆள் எழுந்து நிற்கிறார்.

நான் சொல்ல வந்தது இதுதான். புதிய கதைமாந்தரைத் தேடி ஆகாயத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஒருவர் கையால் என்ன செய்கிறார் என்று பார்த்தால் போதும். பிறகு, அந்தத் தொழிலுக்குரிய விதியை அவர் எந்த இடத்தில், யாருக்காக மீறினார் என்று கேட்க வேண்டும். அந்த இடத்தில் இதுவரை யாரும் எழுதாத ஒருவர் இருப்பார்.

இது நம் மொழிக்குப் புதிதும் அல்ல. தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றோடு 'செய்தி' என்ற ஒன்றையும் சேர்க்கிறது. அங்கே செய்தி என்றால் தொழில். அகப்பாட்டில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பதும் அதே நூலின் விதி. பெயர் இல்லை, முன்கதை இல்லை. தலைவி, தோழி, செவிலி, பாணன் என்ற சில வகைகள் மட்டுமே. அப்படியிருந்தும் குறிஞ்சித் தலைவியும் நெய்தல் தலைவியும் நமக்கு இரண்டு வேறு பெண்களாகத்தான் தெரிகிறார்கள். ஒருத்தி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கிளி ஓட்டுகிறாள். இன்னொருத்தி மணலில் மீன் காயவைத்துப் பறவை ஓட்டுகிறாள். தினை அறுவடை முடிந்தால் முதல் பெண்ணுக்கு வீட்டைவிட்டு வெளியே வரக் காரணம் இல்லாமல் போகிறது. காதலனைச் சந்திக்கும் வழி அடைபடுகிறது. அவளுடைய துயரத்துக்குக் காலக்கெடு வைப்பது தினைக்கதிர்தான். வகைமாந்தரே கூடாது என்பதல்ல என் வாதம். வகைக்குள் உயிரை எப்படி ஊற்றுவது என்பது ஒரு காலத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

துப்பறியும் கதைகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் போட்டிக்கு வருபவற்றில் மிக அதிகமாக ஒன்றையொன்று பார்த்து எழுதப்படுபவை அவைதான். எடின்பரோவில் மருத்துவம் படித்த ஆர்தர் கோனான் டாயில், தம் ஆசிரியர் ஜோசப் பெல்லிடம் உதவியாளராக இருந்தார். நோயாளி வாய் திறப்பதற்கு முன்பே அவருடைய நடையையும் கையையும் உடையையும் பார்த்து, இன்ன தொழில் செய்பவர் என்று சொல்லிவிடுவது பெல்லின் வழக்கம். டாயில் படைத்து 1887இல் அச்சேறிய துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் அந்தப் பார்வையிலிருந்து பிறந்தவர். நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை புகைக்குழாயும் திமிரும் வியக்கும் நண்பரும். காய்ப்பேறிய விரலைப் பார்த்து ஒரு வாழ்க்கையைப் படிக்கும் கண்ணை அங்கேயே விட்டுவிட்டோம்.

அந்தக் கண்ணோடு தூத்துக்குடிப் பக்கமோ ராமநாதபுரம் பக்கமோ போய்ப் பாருங்கள். விடிவதற்கு முன்பே ஒருவர் பனை ஏறுகிறார். இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் தளைநார். பாளை சீவிக் கலயம் மாற்றிவிட்டு இறங்கி அடுத்த மரத்துக்குப் போகிறார். மாலையிலும் இதே வேலை. ஊரில் அவரைவிட உயரத்திலிருந்து ஊரைப் பார்ப்பவர் எவரும் இல்லை. எந்த வீட்டுப் பின்வாசல் எந்த நேரத்தில் திறக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் சொட்டுவது பதநீர். தடவாமல் விட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. இப்போது ஒரு கொலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் உச்சியிலிருந்து அவர் அதைப் பார்த்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து ஒரே ஒரு கலயத்தில் அவர் சுண்ணாம்பு தடவியிருக்கவில்லை. காவல் நிலையத்துக்குப் போனால் "அந்த நேரத்தில் அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அந்த ஒரு கலயம் யாருக்காக என்று நான் சொல்லமாட்டேன், அது எழுதுபவரின் உரிமை. உப்பு நிறைந்த ஊர்க்காற்றும், உண்மையைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு தினமும் மரமேறும் ஒரு சாட்சியும் நமக்குக் கிடைத்துவிட்டார்கள். இவரை எந்தத் தேசத்துத் துப்பறிவாளரிடமிருந்தும் கடன் வாங்க வேண்டியதில்லை.

என் நூலகத்து மாணவி ஒருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். முதலில் அவள் எழுதிக் காட்டிய பேய்க்கதையில் கொலுசுச் சத்தம், புளியமரம், நள்ளிரவு எல்லாம் இருந்தன. பேய்க்கு மட்டும் எந்த மனக்குறையும் இல்லை, எந்த ஊரும் இல்லை. "உங்கள் வீட்டில் என்ன தொழில், அம்மா?" என்று கேட்டேன். அப்பா பத்திர எழுத்தர் என்றாள், சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டே. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, செக்குபந்தி என்று அவள் சொல்லச் சொல்ல அந்தக் கூச்சம் போய்விட்டது. அன்று நூலகம் மூடும் வரை பேசினோம்.

இரண்டு மாதம் கழித்து அவள் கொண்டுவந்த கதையை நான் மறக்கவில்லை. ஒரு பத்திர எழுத்தர். நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில், மேற்கே இன்னாருடைய வீடு என்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு எழுதியிருக்கிறார். இடத்தைப் போய்ப் பார்க்காமல், தாய்ப்பத்திரத்தில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியது. அதே நிலம் மறுபடி விலைக்கு வருகிறது. இந்த முறை நேரில் போகிறார். மேற்கே வீடு இல்லை. தூர்ந்துபோன ஒரு கிணறு மட்டும் இருக்கிறது. அந்தத் தெருவில் எவருக்கும் வீடு இருந்த நினைவே இல்லை. அன்று இரவு, பத்திரத்தில் உள்ள பெயரோடு ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "என் வீட்டை எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்கிறார். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவளுடைய பேய்க்கு இப்போது ஒரு முகவரி இருந்தது, வந்து கேட்க ஒரு நியாயமும் இருந்தது. பயப்படுகிற மனிதருக்கும் பயப்படக் காரணம் இருந்தது.

அந்தக் கதை ஒரு போட்டிக்குப் போயிற்று. பேய்க்கதைக்குரிய விறுவிறுப்பு இல்லை என்ற குறிப்போடு திரும்பியது. பரிசு கிடைக்காததில் எனக்கு வருத்தம் இல்லை, போட்டி என்றால் அப்படித்தான். திரும்பி வந்த தாளில் 'செக்குபந்தி' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து 'எல்லை விவரம்' என்று யாரோ திருத்தியிருந்தார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தச் சொல்லுக்குள்தான் அவளுடைய அப்பா இருந்தார். சொல்லை அடித்தபோது மனிதரையும் அடித்துவிட்டார்கள்.

அறிவியல் கதைக்கு விஞ்ஞானியே வேண்டும் என்று நினைக்கிறோம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். ஏவுதல் தள்ளிப்போனால் இன்னொரு நாள் வருமானம் போகும். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். தினம் ஒரு கலம் வானேறும் ஒரு காலத்தைக் கற்பனை செய்யுங்கள். அந்தக் கரையில் மீன் விற்கும் ஒரு பெண், சுயஉதவிக் குழுக் கடனின் தவணைத் தேதியையும் ஏவுதல் தேதியையும் ஒரே நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள். அவளுடைய மகளுக்கு ஏவுதளத்தில் வேலை. ஏவுதலுக்கு நொடிகளை எண்ணத் தொடங்கிய பிறகு கடலில் ஒரு வள்ளம் நிற்பது மகளின் திரையில் தெரிகிறது. இந்த இருவரில் எவரையும் நான் இதுவரை எந்தப் போட்டியிலும் படித்ததில்லை.

சரித்திரக் கதைக்கும் இதுவே. 1802இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே, அளவைக்கு ஆதாரமான அடிக்கோட்டை அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய நில அளவையில், கோணங்களை அளக்கும் தியோடலைட் என்ற அரை டன் எடையுள்ள கருவி ஒன்றை ஊர் ஊராகச் சுமந்தார்கள். 1808இல் தஞ்சாவூரில் அதைக் கோயிலின் உச்சிக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமடைந்தது. லாம்டன் பல வாரங்கள் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். இந்த நிகழ்ச்சியை எழுதுபவர்கள் லாம்டனின் பொறுமையைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள்மேல்தான் கண். கயிறு நைந்திருப்பது அவர்களில் ஒருவருக்கு முன்பே தெரிந்திருந்தால்? தெரிந்தும், கோயிலின் தலைமேல் அந்நியக் கருவி ஏறுவதைப் பொறுக்காமல் வாய் திறக்காதிருந்தால்? இளவரசர்கள் இன்னும் ஆயிரம் கதைக்கு வருவார்கள், இவருக்கு ஒரு கதையாவது வேண்டாமா?

சிறுவர் கதைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவில்லை. அங்கே சிங்கமும் நரியும் ஓய்வெடுக்கும் காலம் வந்துவிட்டது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. இப்படிச் சொன்னதும் சிலர் அபூர்வத் தொழில்களாகத் தேடிப்பிடித்துக் கருவிகளின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறார்கள். பாளை அரிவாளும் தளைநாரும் இருந்துவிட்டால் பனையேறி வந்துவிடமாட்டார். அவர் சுண்ணாம்பு தடவாத அந்தக் கலயம் வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போய்ப் படம் எடுத்துத் திரும்பினால் போதாது. பலமுறை பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்ல விரும்பாததைக் கேட்காமல் இருக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். இப்போது கணினியிடம் கேட்டால் நொடியில் பத்துக் கதைமாந்தர்கள் கிடைக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் எந்த ஊர்க் கடையிலும் பாக்கி இருப்பதில்லை. எழுதத் தொடங்கும் பிள்ளைகள் அந்த வழியில் போகிறார்கள் என்றால், வேறு வழியில் போனவர்களை நாம் சிவப்பு மையால் வரவேற்றதும் ஒரு காரணம்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். போட்டி அறிவிப்பில் தியாகம், தாய்மை, மனிதநேயம் என்று தலைப்புக் கொடுப்பதை நிறுத்துங்கள். தலைப்பே விடையைச் சொல்லிவிடுகிறது, எழுதுபவர் அதற்கேற்ற பொம்மையைச் செய்து அனுப்பிவிடுகிறார். அதற்குப் பதிலாக, கதையின் முதன்மை மனிதர் என்ன வேலை செய்கிறார் என்பதும் அந்த வேலை கதையின் போக்கை மாற்றுவதும் தெரிய வேண்டும் என்ற ஒரே ஒரு விதியைச் சேருங்கள். காதல் கதையோ பேய்க்கதையோ விண்வெளிக் கதையோ, எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். தொழிற்சொற்களைத் திருத்தாதீர்கள். உங்களுக்குப் புரியாத ஒரு சொல் வந்தால் அதை அடிப்பதற்கு முன் எழுதியவரிடம் ஒரு முறை கேளுங்கள். கண்ணீரை வரவழைத்த கதைக்கு நானும் கூடுதல் மதிப்பெண் போட்டிருக்கிறேன். அது தவறு என்று இப்போது தெரிகிறது. அழவைத்தவர் யார் என்று மறுநாள் யோசித்தால் எனக்கு ஒரு முகமும் நினைவில் இல்லை.

அந்த மாணவி இந்த ஆண்டும் எழுதிக்கொண்டிருக்கிறாள். கதையில் வருபவர், கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை இடும் அரசு ஊழியர். சொந்த அண்ணனின் மளிகைக் கடைக்குச் சோதனைக்குப் போகவேண்டிய காலையில் கதை தொடங்குகிறது. அண்ணன் கடையில்தான் அவர் சிறுவயதில் எடை போடப் பழகினார். எந்தக் கல் எவ்வளவு குறையும் என்பது அவர் கைக்கு அப்போதே தெரியும். இந்த மாதக் கடைசியில் அதை உங்களுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் முதல்நிலை வாசகர்களில் ஒருத்தி