‘தா’ என்பது ஒரு சொல்

பாலர் பருவ மேம்பாட்டு அமைப்புக்கும் தேசிய பாலர் பருவ மேம்பாட்டுக் கழகத்துக்கும் வணக்கம்.

நான் பல ஆண்டுகளாகச் சிங்கப்பூரின் ‘எய்ப்பிக்’ எனும் ஆரம்பத் தலையீட்டுத் திட்டத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். ஆறு வயது வரையுள்ள, வளர்ச்சியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளோடு வேலை. இந்த வேலைக்கு வருபவர்களுக்கான பயிற்சி பற்றியும் உரிமம் பற்றியும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முதலில் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ந்த புதிதில் என் குழுவில் நான்கு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஆட்டிசம். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். நிலையத்துக்கு வரும் சில மணி நேரம் போக மற்ற நேரமெல்லாம் பாட்டியோடுதான். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். “இரண்டு மொழி பேசினால் பிள்ளை குழம்பிவிடுவான், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்று அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே யாரோ சொல்லியிருந்தார்கள். நானும் அதையே திருப்பிச் சொன்னேன். பாட்டி டீச்சர் பேச்சைத் தட்டாதவர். ஆங்கிலம் வராது என்பதால் பேரனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். சோறு ஊட்டும்போதும் பேசுவதில்லை, குளிப்பாட்டும்போதும் பேசுவதில்லை. பேச்சு வரவேண்டிய பிள்ளையின் வீட்டில் பேச்சை நிறுத்தியதில் எனக்கும் பங்கு உண்டு. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

எங்களோடு வேலை செய்த பேச்சு சிகிச்சையாளர் ஒருவர், சீனப் பெண்மணி, ஒரு நாள் என்னிடம் கேட்டார்: “அவன் பகல் முழுக்க யாரோடு இருக்கிறான்?” அந்த வாரமே இருவரும் அவன் வீட்டுக்குப் போனோம். பையன் பிஸ்கட் டின்னைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான், கையை நீட்டி “தா” என்றான். அவனுடைய மதிப்பீட்டுத் தாளில் ‘பேசும் சொற்கள்: இல்லை’ என்று எழுதியிருந்தது. மதிப்பிட்டவர் காதில் அது வெறும் ஒலியாக விழுந்திருக்கும். தமிழ் தெரிந்த நானோ தாளை நம்பினேனே தவிர வீட்டில் போய்க் கேட்கவில்லை.

தா, வா, போ. ஓரெழுத்து ஒருமொழி என்று பள்ளியில் படித்திருப்போம். வாய் திறக்கச் சிரமப்படும் குழந்தைக்கு இதைவிட எளிய வாசல் கிடையாது. ஒரே அசையில் ஒரு முழு வேண்டுகோள் முடிந்துவிடுகிறது. அன்றே பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பழையபடி தமிழிலேயே பேசச் சொன்னோம். மூன்று நான்கு மாதத்தில் ‘தண்ணி’, ‘போதும்’ எல்லாம் வந்தன. அப்புறம்தான் ஆங்கிலச் சொற்கள் வந்தன. இரண்டு மொழி கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதில்லை என்று ஆய்வுகளும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. எனக்குத்தான் அது அப்போது தெரியாது. என் கையில் சான்றிதழ் இருந்தது, ஆனால் அதை யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

2019ஆம் ஆண்டை எங்கள் துறையில் இருப்பவர்கள் எளிதில் மறக்க மாட்டோம். பாலர் பருவ மேம்பாட்டு நிலையச் சட்டம் நடப்புக்கு வந்தது, தேசியக் கழகம் தொடங்கியது, எய்ப்பிக் கட்டணம் குறைந்தது, கட்டாயக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கும் விரிந்தது, எல்லாம் அந்த ஒரே ஆண்டில். 2023இன் பிற்பாதியிலிருந்து பாலர் பள்ளிகளில் அனைவரையும் உள்ளடக்கும் பணிக்கென ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்கச் சொன்னீர்கள். இதற்கெல்லாம் மனமார நன்றி சொல்கிறேன். பிள்ளைகள் உள்ளே வர வழி பிறந்துவிட்டது. வரும் பிள்ளையோடு உட்காரப்போகிறவரை எப்படித் தயார் செய்கிறோம் என்பதுதான் என் கவலை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பேச்சு சிகிச்சையாளரைப் பாருங்கள். அவரைப் போன்ற சிகிச்சையாளர்களுக்கான 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர் ஒரு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நிபந்தனையோடு பதிவு பெறுபவர்கள் இன்னொருவர் மேற்பார்வையில்தான் பணியாற்ற முடியும். நானோ சேர்ந்த சில வாரத்திலேயே ஒரு குழுவுக்குப் பொறுப்பாகிவிட்டேன். நான் செய்வதை உட்கார்ந்து பார்த்து, “இது தப்பு, இப்படிச் செய்” என்று சொல்ல ஆளில்லை. அந்த நிலையத்தைக் குறை சொல்லவில்லை, அங்கே எல்லோரும் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் அந்த ஓட்டத்தில் ஒரு பிள்ளைக்குப் பல மாதங்கள் வீணாயின. நான்கு வயதில் பல மாதம் என்பது சின்னக் கணக்கில்லை.

அமெரிக்காவில் இந்தத் துறைக்கென்று 2020இல் ஏழு தரநிலைகள் வகுத்தார்கள். முதலாவது குழந்தை வளர்ச்சி. இரண்டாவதே குடும்பத்தோடு கூட்டாகச் செயல்படுவது. பாடத்திட்டமெல்லாம் பிறகுதான் வருகிறது. அங்கே உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது, பிறப்பு முதல் ஐந்து வயது வரை என்பார்கள் ஓரிடத்தில், எட்டு வரை என்பார்கள் இன்னோரிடத்தில். அந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம். வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நான் கேட்பது இதுதான். ஆரம்பத் தலையீட்டு ஆசிரியருக்கு, சிகிச்சையாளர்களுக்கு இருப்பதுபோல், நிலையம் மாறினாலும் கூடவே வரும் ஒரு பதிவு வேண்டும். அதைத் தேர்வுத்தாளை மட்டும் பார்த்துக் கொடுக்காதீர்கள். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க, பிள்ளையோடு வேலை செய்து காட்டிய பிறகு கொடுங்கள். அதில் ஒரு பகுதியாவது பிள்ளையின் வீட்டில், அந்த வீட்டு மொழியில் நடக்கட்டும். ஆசிரியருக்கு அந்த மொழி தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு மதிப்பிடக் கற்றுக்கொள்ளட்டும். தமிழ், மலாய், மாண்டரின், சில வீடுகளில் ஹொக்கியன். எந்த மொழியில் கேட்டால் பிள்ளை பதில் சொல்கிறது என்று விசாரிக்காமல் ‘சொற்கள்: இல்லை’ என்று எழுதும் உரிமை யாருக்கும் இருக்கக் கூடாது.

ஒரு பயமும் இருக்கிறது. உரிமம் என்று வந்தால், நாற்பது வயதுக்குமேல் உதவியாளராகச் சேர்ந்த அக்காமார்கள் படிவத்தைப் பார்த்தே ஒதுங்கிவிடக் கூடாது. அழும் பிள்ளையை எப்படி அமைதிப்படுத்துவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்படிப்பட்ட ஒருவர்தான். அவர்களுடைய அனுபவம் கணக்கில் வர வேண்டும், படிக்கும் காலத்துச் சம்பளமும் குறையக் கூடாது. பாலர் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இந்தப் பயிற்சியில் இடம் கொடுங்கள். நம் பிள்ளையின் ‘தா’வை முதலில் கேட்கக்கூடியவர்கள் அவர்கள்தாம்.

அந்தப் பையன் இப்போது பள்ளிக்குப் போகிறான். பாட்டியிடம் போனில் கேட்டுவிட்டேன். பயிற்சியில் இருப்பவர்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்க்கலாம், தனக்கு ஆட்சேபம் இல்லை என்கிறார். புதன்கிழமை மட்டும் வேண்டாமாம், காலையில் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்விடுவாராம்.

அன்புடன்,
ஓர் ஆரம்பத் தலையீட்டு ஆசிரியை
ஈசூன்