கணித ஆசிரியரையும் கணினி அறைக்கு அனுப்புங்கள்

மலையகத் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் வலயக் கல்வி அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

"கணக்கு வராதா? பரவாயில்லை, கம்ப்யூட்டர் படி" என்று ஒரு பிள்ளைக்குச் சொல்கிறோம். "கணக்கே வரல்ல, உனக்கெதுக்குக் கம்ப்யூட்டர்?" என்று இன்னொரு பிள்ளைக்குச் சொல்கிறோம். இரண்டும் பிழை. கணினிக்குக் கணிதம் வேண்டும்தான். எந்தக் கணிதம் எந்த இடத்தில் வேண்டும் என்பதை யாரும் காட்டுவதில்லை.

மடுவத்தில் (தோட்டத்துக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுக்கும் கொழுந்தைக் கூட்ட, பைதன் என்ற கணினி மொழியில் ஒரு சின்ன நிரல். 0.1 கிலோவாகக் கூட்டிக்கொண்டே போ, 1 கிலோவுக்குச் சமமானதும் நில் என்று எழுதினால், அது நிற்கவே நிற்காது. பத்துத் தடவை கூட்டியதும் வருவது 0.9999999999999999. அடுத்த சுற்றில் 1ஐத் தாண்டிவிடும். பிள்ளை கணினி பழுது என்று நினைக்கும். 1/3ஐத் தசமத்தில் எழுதினால் 0.333... என்று முடியாமல் போகிறதல்லவா? 1/10 துவிதத்தில் (கணினி பயன்படுத்தும், 0, 1 மட்டுமே உள்ள எண்முறையில்) அப்படித்தான்: 0.000110011... என்று நீண்டுகொண்டே போகும், கணினி எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் சேமிக்கும். 1/2, 1/4, 1/8 போல, பகுதியெண் 2இன் வலுவாக இருப்பவைதான் மிச்சமில்லாமல் அடங்கும். ஆகவே நிறையைக் கிராமிலும் காசைச் சதத்திலும் முழுவெண்ணாக வைக்கப் பழக்குங்கள். மாற்றும்போதும் கவனம் வேண்டும்: பைதனில் 0.29ஐ 100ஆல் பெருக்கித் தசமப் பகுதியை வெட்டினால் 28தான் வரும். வெட்டாமல், கிட்டிய முழுவெண்ணுக்கு மட்டந்தட்ட வேண்டும்.

மடக்கை எதற்கு என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) ஒரே பெயர் இரண்டு தடவை விழுந்திருக்கிறதா என்று பார்க்க, 1,000 பேரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டால் 499,500 ஒப்பீடு. 10,000 பேரென்றால் 49,995,000. ஆள் பத்து மடங்கு, வேலை நூறு மடங்கு! முதலில் அகரவரிசைப்படுத்திவிட்டு அடுத்தடுத்த பெயர்களை மட்டும் பார்த்தால் ஒரு லட்சத்துச் சொச்சத்தில் முடியும். 2ஐ அடியாகக் கொண்ட 10,000இன் மடக்கை, அதாவது 10,000ஐ எத்தனை தடவை பாதியாக்கினால் 1 வரும் என்பது, 13 சொச்சம். வரிசைப்படுத்த ஒரு பெயருக்கு ஏறக்குறைய அத்தனை ஒப்பீடு, அதை 10,000ஆல் பெருக்கிப் பாருங்கள்.

கணிதத்தில் வரும் தொடைகளும் (கணங்களும்) அப்படியே. லீவில் உள்ளவரையும் பென்ஷன் போனவரையும் நீக்க, "லீவில் இல்லை அல்லது பென்ஷன் போகவில்லை" என்று நிபந்தனை எழுதினால் ஏறக்குறைய எல்லாரும் பட்டியலில் வந்துவிடுவார்கள். அங்கே வரவேண்டியது "மற்றும்". "இது அல்லது அது" என்பதை மறுத்தால் "இதுவும் இல்லை மற்றும் அதுவும் இல்லை" என்றாகும் என்ற டி மோர்கன் விதியை, வட்டங்களால் தொடைகளைக் காட்டும் வென் வரிப்படத்தில் ஒருதரம் நிழற்றிக் காட்டினால் போதும்.

இணையப் பக்கம் வடிவமைக்க இவ்வளவு வேண்டாம். செயற்கை நுண்ணறிவுப் பக்கம் போகிறவருக்கோ தாயங்களும் (எண்களை நிரை நிரலாக அடுக்கும் அணிகளும்) நிகழ்தகவும் வகையீடும் இல்லாமல் முடியாது.

நாங்கள் கேட்பது, 10ஆம் தரத்தில் வாரத்துக்கு ஒரு பாடவேளை, கணித ஆசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே வகுப்பில். கணினி போதாவிட்டால் வரவு இடாப்பு இருக்கிறது. அகரவரிசையில் 40 பெயர். நடுப்பெயரைப் பார்த்து, மேலா கீழா என்று பாதி பாதியாகக் குறைத்துப் போனால் எந்தப் பெயரும் ஆறு பார்வைக்குள் அகப்படும்.

இன்னொன்று. கணினிப் பொறியியலுக்கு உயர்தரத்தில் இணைந்த கணிதம் வேண்டும், அதைக் கற்பிக்கும் பிரிவு எல்லாத் தோட்டப் பாடசாலையிலும் இல்லை. எந்தப் பாடசாலையில் இருக்கிறது, எந்த பஸ்ஸில் போய்வரலாம் என்பதைச் சாதாரண தரப் பெறுபேறு வந்த பிறகல்ல, 10ஆம் தரத்திலேயே பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கணிதமும் கணினியும் கற்பிக்கும் சிலர்