பள்ளி வளைவு விபத்து: ஓட்டுநர் உரிமத்தின் மீது நடவடிக்கை கோரும் நான்காவது மனு

அனுப்புநர்:
விபத்தில் கால் முறிந்த ஆறாம் வகுப்பு மாணவனின் தாய்

பெறுநர்:
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்

பொருள்: ஆபத்தான முறையில் பஸ் ஓட்டிச் சிறுவனுக்குக் கொடுங்காயம் ஏற்படுத்திய ஓட்டுநரின் உரிமத்தைத் தற்காலிகமாகவேனும் நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் நேரில் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பள்ளி வளைவைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தங்கள் ஜீப் தினமும் போகும் வழிதான். வெள்ளைக் கோடுகள் தேய்ந்துபோன இடத்தில், குச்சியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவரை யாரும் நியமிக்கவில்லை. பேரனைப் பள்ளியில் விட வந்தவர், மற்றப் பிள்ளைகள் கடக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார்.

1. ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், காலை 8.40 மணிக்கு என் மகன் அங்கே சாலையைக் கடந்தான். நிறுத்தத்தில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்த பஸ்ஸை, பின்னால் வந்த தனியார் பஸ் வளைவிலேயே வலப்புறம் ஏறி முந்தி, அவன்மீது மோதியது. இடது காலில் இரண்டு இடங்களில் முறிவு. ஓட்டுநரின் கையில் செல்போன் இருந்ததை அந்தப் பெரியவரும் வேறு மூவரும் காவல் நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

2. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 184ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதையும் விதியை மீறி முந்துவதையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுங்காயம் ஏற்பட்டதால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. ஓட்டுநர் அன்றே ஜாமீனில் போய்விட்டார். அது அவருக்குச் சட்டம் தரும் உரிமை. அதில் எனக்குக் குறையில்லை. வழக்கு அதன் வேகத்தில் நடக்கட்டும்.

3. என் குறை வேறு. பதினோராம் நாள் அதே ஓட்டுநர், அதே பஸ், அதே 8.40. மாவுக்கட்டுடன் படுத்திருந்த என் மகன் அந்த ஏர் ஹாரன் சத்தத்தை அடையாளம் கண்டு, தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டான். கட்டுப் பிரித்து இப்போது இரண்டு மாதம் ஆகிறது. நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் நடக்கிறான், சந்தில் நடக்கிறான், சாலை ஓரம் வரை வருகிறான். அதற்குமேல் கால் வரவில்லை. என் கைக்குள் அவன் விரல்கள் வியர்த்து வழுக்குகின்றன. "அது போய்விட்டதா அம்மா?" என்று கேட்கிறான். போய்விட்டது என்று நான் சொன்னாலும் நம்புவதில்லை. அது போகும்வரை சந்து முனையிலேயே நிற்கிறோம். பள்ளி மணி எங்கள் காதில் விழுகிறது. தாமதமாக வருகிறான் என்று வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டில் எழுதுகிறார். குற்றம் செய்தவர் நேரத்துக்குப் போகிறார், ஐயா, அடிபட்டவன்தான் தாமதம்.

4. தீர்ப்பு வந்தால்தான் உரிமத்தில் கை வைக்க முடியும் என்று தங்கள் அலுவலகத்தில் மனு வாங்கியவர் வாய்மொழியாகச் சொன்னார். எழுதித் தரக் கேட்டேன், தரவில்லை. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவை நான் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒருவர் இதுவரை ஓட்டிய விதமே பொதுமக்களுக்கு ஆபத்து என்று தெரிந்தால், அவர் தரப்பைக் கேட்டுவிட்டு உரிமம் வைத்திருக்கத் தகுதியற்றவராக்க உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. தண்டனை ஆன பிறகுதான் என்று அதில் இல்லை. அவரை விசாரணைக்கு அழைத்து ஒரு கடிதம் அனுப்பவுமா ஐந்து மாதம் போதவில்லை?

5. ஏர் ஹாரன். தங்கள் அலுவலக ஜன்னலுக்கும் கேட்கும்.

6. ஓட்டுநர் ஒருவரை மட்டும் சொல்லிப் பயனில்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு பஸ்களுக்கும் இடையே சில நிமிடங்கள்தான். பின்னால் வருவது முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்து ஆட்கள் அதற்கு. வசூலைப் பொறுத்துத்தான் ஓட்டுநருக்குத் தினப்படி என்கிறார்கள். அவரும் பிள்ளை பெற்றவராக இருக்கலாம். அதற்காக என் பிள்ளையின் கால்மீதா அந்த நிமிடங்களைப் பிடிப்பது? பர்மிட் நிபந்தனை மீறப்பட்டால் 86ஆம் பிரிவில் பர்மிட்டையே நிறுத்தி வைக்கலாமே! அந்த பஸ்ஸின் நேரத்தைப் பள்ளி நேரத்திலிருந்து பதினைந்து நிமிடம் தள்ளி வைக்கக்கூடவா யாராலும் முடியாது?

வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்கவும். முதல் மனுவை எவ்வளவோ பணிவாகத்தான் எழுதினேன்.

ஆகவே, அந்த ஓட்டுநரை 19ஆம் பிரிவின்கீழ் விசாரித்து, முடிவு தெரியும்வரை இந்த வழித்தடத்தில் அவர் பஸ் ஓட்டாதபடி செய்யுமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால், முடியாது என்பதையாவது எழுத்தில் தாருங்கள். ஒரு நாள் காலை 8.30 மணிக்கு ஜீப்பை விட்டு இறங்கி எங்களோடு அந்தச் சந்து முனையில் பத்து நிமிடம் நில்லுங்கள், ஐயா. உரிமத்தை நிறுத்தி வையுங்கள் என்று நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவனின் தாய்

இணைப்பு: முதல் தகவல் அறிக்கை நகல், காயச் சான்று நகல், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள் – 2 (மூன்றாவதற்குச் சீட்டுத் தரவில்லை).