பெரணி இலையில் ஓடும் கோடுகள் நோயல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தோட்டப் பகுதியில், ஹார்ட்ஸ் டங் (நாக்கு போல நீண்ட இலையுள்ள ஒரு வகை) பெரணியின் இலைகளில் வெளிறிய கோடுகள் நெளிந்து ஓடுவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்ததற்கு, அது பூஞ்சண நோய் என்றும் உடனே மருந்து தெளிக்க வேண்டும் என்றும் விடை தரப்பட்டிருந்தது. இங்கிலாந்தில், சுண்ணாம்புப் பாறை நிறைந்த சாமர்செட்டில் பல ஆண்டுகளாக இதே பெரணியை வளர்த்து வருபவள் என்ற முறையில் இதை மறுத்து எழுதுகிறேன். அவர் விவரித்த கோடுகள், பைட்டோமைசா ஸ்கோலோபென்ட்ரி என்னும் மிகச் சிறிய ஈயின் புழு இலைக்குள் குடைந்து சென்ற வழிகள். (பழைய நூல்களில் இதைக் குரோமட்டோமையா என்ற பேரினத்தில் காணலாம், 2009இல் வெளியான மரபணு ஆய்வுக்குப் பின்னரே பெயர் மாறியது.)

இலையை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஐயம் தீரும். மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையிலுள்ள பசுந்திசுவை மட்டும் புழு தின்று முன்னேறுவதால், அது வளர வளரக் கோடும் அகன்றுகொண்டே போகும். உள்ளே அதன் எச்சம் கரும்புள்ளிகளாகத் தெரியும். பூஞ்சணப் புள்ளிகளில் இந்த ஒழுங்கைக் காண முடியாது. நம் ஊரில் தக்காளி இலையில் வெள்ளைக் கோடு இழுக்கும் ஈயும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அதன் புழு, வளர்ந்ததும் இலையை விட்டு வெளியேறிப் பெரும்பாலும் மண்ணில் கூட்டுப்புழுவாகிறது. பெரணி ஈயோ இலைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, மூச்சுத்துளைகளின் முனைகளை மட்டும் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு தங்கிவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படும் இந்த ஈ, ஹார்ட்ஸ் டங் தவிர, பாலிபோடி போன்ற வேறு சில பெரணிகளிலும் வாழ்கிறது. பூக்கும் செடிகளை அது தொடுவதில்லை என்பதால், பக்கத்திலுள்ள காய்கறிப் பாத்திக்குப் பரவிவிடும் என்று அந்த வாசகர் அஞ்ச வேண்டியதில்லை.

மருந்து தெளிப்பதை நான் எதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. பூஞ்சணக்கொல்லியால் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. பூச்சிக்கொல்லியைத் தெளித்தாலோ, இலைத்தோலின் பாதுகாப்பில் இருக்கும் புழு பெரும்பாலும் தப்பிவிட, அதன்மேல் முட்டையிட்டு அதை அழிக்கும் நுண்குளவிகள்தாம் முதலில் மடியும். கோடுகள் கண்ணை உறுத்தினால் அந்த இலைகளை மட்டும் கிள்ளி எறிந்தால் போதும். என் தோட்டத்தில் இந்தப் புழுவால் ஒரு பெரணிகூடப் பட்டுப்போனதில்லை.

அந்த வாசகர் மருந்து வாங்குவதற்கு முன், அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாமர்செட், இங்கிலாந்து