விட்டுப்போன இரண்டு எழுத்துகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் கல்வி இணைப்பில் தோல் மருத்துவர் ஆவது எப்படி என்று அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அதைக் கத்தரித்து சாமி படத்துக்குக் கீழே செருகி வைத்திருக்கிறார்கள். என் தம்பி பேத்தி எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். அடுத்து நீட் பிஜி எழுதப் போகிறாள். "ஸ்கின் எடுத்துடு கண்ணு, ராத்திரி டியூட்டி கிடையாது, லேசர் மிஷின் ஒன்று போட்டால் போதும்" என்று வருகிற போகிற உறவுக்காரர்கள் எல்லாம் சொல்கிறார்கள். உங்கள் கட்டுரையும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லியது. பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூன்று வருஷ எம்.டி. படிப்பின் பெயர் டி.வி.எல். தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் சேர்ந்த படிப்பு. நீங்கள் 'டி'யோடு நிறுத்திவிட்டீர்கள். நடு எழுத்தைப் பேச நமக்குக் கூச்சம், சரி, விடுங்கள். கடைசி எழுத்தில் நான் முப்பது வருஷம் சம்பளம் வாங்கினவன். அதனால்தான் எழுதுகிறேன்.

1981இல் குடியாத்தம் பக்கம் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் தொழுநோய்த் தேமல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் சேர்ந்தேன். பேரணாம்பட்டு வழியில் ஒரு கிராமத்தில் பீடி சுற்றும் ஒரு அம்மாவை இன்னும் மறக்கவில்லை. "சார், பீடித் தலையை மடிக்கவே சுண்டு விரல் வரமாட்டேங்குது" என்றார். முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய தேமல். பையில் எப்போதும் ஒரு கோழி இறகு வைத்திருப்பேன். முதலில் கண் திறந்திருக்கும்போதே தொட்டுக் காட்ட வேண்டும். அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். தேமலுக்கு வெளியே தொட்டேன், சரியாகக் காட்டினார். தேமலுக்குள் நான்கு முறை தொட்டேன். விரல் அசையவில்லை. "தொடுங்க சார், காத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் கண்ணை மூடியபடியே. முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பைத் தடவிப் பார்த்தால் சணல் கயிறு மாதிரி தடித்திருந்தது. தொழுநோய்தான்.

நல்ல வேளையாக அதற்குள் கூட்டு மருந்து எங்கள் கைக்கு வந்துவிட்டது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின். கடைசியாகச் சொன்னது தோலைக் கறுக்க வைக்கும். நோய் என்னவென்று சொன்னபோது அழாத அந்த அம்மா, கறுத்துப் போனதற்குத்தான் அழுதார். மடங்கிய விரலை கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் அறுவை செய்து நிமிர்த்தினார்கள். ஒரு தசைநாணை இடம் மாற்றிக் கட்டினால் மடங்கிய விரல் நிமிரும் என்று தொழுநோயாளிகளுக்குச் செய்து காட்டிய பால் பிராண்ட் நம் வேலூரில் வேலை பார்த்தவர்தான். விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும்தான் போகிறது என்று ஊருக்குப் புரியவைத்தவரும் அவரே. இத்தனைக்கும் அவர் தோல் மருத்துவர் இல்லை, எலும்பு டாக்டர்.

2005 டிசம்பரில் தொழுநோய் ஒழிப்பு இலக்கை நாடு எட்டியது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதுதான் அதன் பொருள், ஒருவருமே இல்லை என்பதல்ல. உலகத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியாவில்தான். கிருமி உள்ளே போய் தேமலாக வெளியே தெரியவே சராசரியாக ஐந்து வருஷம் ஆகும், சிலருக்கு இருபதும் ஆகும். வீடு வீடாக இறகோடு போக இன்று ஆள் குறைவு. அப்படியென்றால் அந்தத் தேமலை முதலில் பார்க்கப் போவது யார்? முகப்பொலிவுக்கு என்று உட்கார்ந்திருக்கும் அந்த தோல் டாக்டர்தானே?

இவ்வளவு பேசுகிற நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு தொடையிடுக்கில் படர்தாமரை. மருந்துக் கடையில் ஒரு டியூப் வாங்கிப் போட்டேன். மூன்றே நாளில் அரிப்பு போச்சு. நிறுத்தினால் திரும்ப வரும், திரும்பப் போடுவேன். இப்படி நான்கு மாதம். வட்டமெல்லாம் கலைந்து வயிறு வரைக்கும் ஏறிவிட்டது. வேலூரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன டியூப் போட்டீங்க?" பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டும் கலந்த டியூப் அது. இதையெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே விதி வந்துவிட்டதாம். கடையில் யாரும் சீட்டு கேட்கவில்லை, எனக்கும் காட்டத் தோன்றவில்லை. குணமாக மூன்று மாதம் ஆனது. வீட்டில் எல்லோர் லுங்கியும் துண்டும் வெந்நீரில் வெந்தன. தோல் மெலிந்து தொடையில் விழுந்த கோடுகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. "டியூப் போட்டதைச் சரிசெய்யவே பாதி நாள் போகுது ஐயா" என்றார் அந்த டாக்டரம்மா.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் ஷாப்புக்காரர்கள் கை வேறு கதை. பதனிடப் போடும் குரோம் உப்பு பட்டு வெடித்த கை. முதுகில் மருந்துப் பட்டைகளை ஒட்டி இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் கண்டுபிடித்துவிடலாம். குரோம்தான் என்று தெரிந்த பிறகு அந்த ஆள் திங்கள்கிழமை எங்கே வேலைக்குப் போவார்? இதையும் உங்கள் அரைப் பக்கத்தில் நான்கு வரி சேர்த்திருக்கலாம்.

தம்பி பேத்தியைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் அவள் கையில் இறகைக் கொடுத்துவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கோலம் போடுகிற மாதிரி இழுத்தாள். "இழுக்கக் கூடாதும்மா, தொட்டு எடுத்துடணும்" என்றேன். அஞ்சாவது தடவை சரியாக வந்தது. தோல் பிரிவுக்கு முன் வரிசை ரேங்க்காரர்களே முட்டிமோதுகிறார்கள், இவளுக்குக் கிடைக்குமோ என்னவோ. அடுத்த முறை இந்தப் படிப்பைப் பற்றிப் போடும்போது தயவுசெய்து மூன்று எழுத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழுநோய்ப் பிரிவு ஊழியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.